உல்ரிக், மார்த்தா, ஒரு ‘சலிப்பான’ டைரி: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க வரலாறு என்றால் வாஷிங்டன், ஜெஃபர்சன், பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலையைக் கொட்டியது என்று மூன்றே வரியில் முடித்துக்கொள்பவர்களிடம் நான் லாரல் தாட்சர் உல்ரிக் பற்றிப் பேச ஆரம்பித்துப் பல வருடங்கள் ஆகின்றன. யாரிடம் பேசினாலும் இதே கேள்விகள்தான் வருகின்றன. ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்லி வாய் வலித்துப்போனதால் எழுதியே வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

யாருங்க இந்த உல்ரிக்? பேரே கேள்விப்பட்டதில்லையே.

ஆரம்பகால அமெரிக்காவைப் பற்றி எழுதும் வரலாற்றாசிரியர். 1938-ல் ஐடஹோ மாநிலத்தில் சுகர் சிட்டி என்ற சின்ன ஊரில் பிறந்தவர். நியூ இங்கிலாந்து எனப்படும் வடகிழக்கு அமெரிக்காவில் 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த சாதாரணப் பெண்களைப் பற்றித்தான் அவருடைய முக்கியமான வேலை பெரும்பாலும். சமைத்தவர்கள், நூல் நூற்றவர்கள், பிள்ளை பெற்றவர்கள், பக்கத்து வீட்டுக்காரியின் பிரசவத்துக்கு நடுராத்திரியில் ஓடியவர்கள்.

1991-ல் வரலாற்றுக்கான புலிட்சர் பரிசு, அதே வருடம் பான்கிராஃப்ட் பரிசு, 1992-ல் மெக்ஆர்தர் நிதிநல்கை, 1995 முதல் ஓய்வு பெறும் வரை ஹார்வர்டில் பேராசிரியர், 2009-ல் அமெரிக்க வரலாற்றுச் சங்கத்தின் தலைவர். பட்டியல் போதும். இவ்வளவும் ஒரு கிராமத்து மருத்துவச்சியின் டைரியைப் பொறுமையாகப் படித்ததில் தொடங்கியது என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம்.

ஆரம்பகால அமெரிக்கான்னா எந்தக் காலம்?

ஐரோப்பியக் குடியேற்றங்கள் தொடங்கிய 1600-களிலிருந்து 1820 வாக்கில் வரைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லைக்கோட்டைப் பற்றி ஆய்வாளர்களே சண்டை போடுவார்கள், நமக்கு அது வேண்டாம்.

“நல்ல பொண்ணா நடந்துக்கிட்டா வரலாற்றுல இடம் கிடைக்காது”ன்னு டி-ஷர்ட்ல போடுறாங்களே, அது இவங்க சொன்னதா?

இவர்தான். ஆனால் டி-ஷர்ட் போடுகிறவர்கள் நினைக்கிற அர்த்தத்தில் இல்லை. 1976-ல், மாணவியாக இருந்தபோது, ஓர் ஆய்விதழில் கட்டுரை எழுதினார். பழைய நியூ இங்கிலாந்தில் பக்தியான பெண்கள் இறந்தால் பாதிரியார்கள் அவர்களைப் புகழ்ந்து செய்த பிரசங்கங்களைப் பற்றிய கட்டுரை அது. அதன் தொடக்கத்திலேயே, ஒழுங்காக நடந்துகொள்ளும் பெண்கள் வரலாற்றில் இடம்பெறுவது அபூர்வம் என்று ஒரு வாக்கியம். அதாவது, சூனியக்காரி என்று பிடிபட்டவளையும் வழக்கு மன்றத்துக்குப் போனவளையும் எழுதுகிறீர்கள், ஜெபம் பண்ணிக்கொண்டு வீட்டைப் பார்த்துக்கொண்ட மற்றவர்கள் எங்கே என்று வரலாற்றாசிரியர்களைப் பார்த்து வைத்த குறை.

1990-களின் நடுவில் ஒருவர் தன் புத்தகத்தில் அதை மேற்கோளாக எடுத்துப் போட்டார், அப்புறம் இன்னொருவர் அனுமதி கேட்டு டி-ஷர்ட்டில் அச்சிட்டார், பிறகு காபிக் கோப்பை, பம்பர் ஸ்டிக்கர் என்று அது தன் பாட்டுக்குக் கிளம்பிவிட்டது. அடங்காதே, ஆட்டம் போடு என்ற அறிவுரையாக அது மாறிப்போனதை உல்ரிக் கோபமில்லாமல் பார்த்தார். 2007-ல் அந்த வாக்கியத்தையே தலைப்பாக வைத்து ஒரு புத்தகமும் எழுதினார்.

சரி, மார்த்தா பாலர்ட் யாரு?

மருத்துவச்சி. 1735-ல் மாசசூசெட்ஸில் பிறந்தவர். பிறகு கணவர் எஃப்ராயீமோடு இன்றைய மேய்ன் மாநிலத்தில், கென்னபெக் ஆற்றங்கரையில் உள்ள ஹாலோவெல் ஊருக்கு வந்தார். மேய்ன் அப்போது தனி மாநிலம் இல்லை, மாசசூசெட்ஸின் ஒரு பகுதி. 1769-ல் தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது மூன்று பெண் குழந்தைகளைச் சில நாட்களுக்குள் இழந்தவர்.

1785 ஜனவரி 1-ல், ஏறக்குறைய ஐம்பது வயதில், டைரி எழுத ஆரம்பித்து 1812 மே வரை விடாமல் எழுதினார். இந்த 27 வருடங்களில் 816 பிரசவங்கள் பார்த்திருக்கிறார். பிரசவ வேளையிலேயே ஒரு தாய்கூட இவர் கையில் இறக்கவில்லை, பின்பு படுக்கையில் இருந்த நாட்களில் ஐந்து பேர் இறந்தார்கள். அந்தக் காலத்துக்கு இது அசாத்தியம்.

டைரில அப்படி என்னதான் இருக்கு?

வானிலை, யார் வீட்டுக்கு வந்தார்கள், என்ன விதைத்தார், எவ்வளவு நூல் நூற்றார், யாருக்கு என்ன பிள்ளை பிறந்தது, எவ்வளவு கூலி. பெரும்பாலும் இவ்வளவுதான். எழுத்துப்பிழை ஏராளம். பத்துப் பக்கம் படித்தால் உங்களுக்கும் தூக்கம் வரும், எனக்கும் வந்தது.

ஆனால் கொஞ்சம் நின்று பாருங்கள். 1789 ஏப்ரல், ஆற்றில் வெள்ளம். ஒரு பிரசவத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். படகில் ஏறி ஆற்றைக் கடக்கிறார், வழியில் ஒரு ஓடையை மிதக்கும் மரக்கட்டைகள் மேல் கால்வைத்துத் தாண்டுகிறார், குதிரையில் போகும்போது கண்ணெதிரே ஒரு பெரிய மரம் வேரோடு சாய்கிறது, குதிரை மிரண்டு பின்வாங்கியதால் உயிர் பிழைக்கிறார். கடவுளுக்கு ஒரு வரி நன்றி. அப்புறம் பிள்ளை பிறந்த செய்தி. ஐம்பத்து நான்கு வயதுப் பெண்மணி இதை எழுதுகிற தொனி, கடைக்குப் போய் உப்பு வாங்கி வந்ததை எழுதுகிற அதே தொனி.

இன்னொன்று, பக்கத்தின் ஓரத்தில் சில இடங்களில் இரண்டு பெருக்கல் குறிகள் இருக்கும். கூலி கைக்கு வந்துவிட்டது என்பதற்கான அடையாளம். குறி இல்லையென்றால் பாக்கி. இது கணக்குப் புத்தகமும்கூட என்பதை மறந்துவிடாதீர்கள், பின்னால் தேவைப்படும்.

இத்தனை நாள் யாருமே பார்க்காத டைரியை இவங்க கண்டுபிடிச்சாங்களா?

இல்லவே இல்லை. நான் அதிகம் திருத்த வேண்டியிருப்பது இதைத்தான். டைரி குடும்பத்தில் கைமாறிக் கைமாறி, 1884-ல் மார்த்தாவின் எள்ளுப்பேத்தி மேரி ஹோபார்ட்டிடம் வந்தது. அவர் அப்போதுதான் மருத்துவப் படிப்பு முடித்து டாக்டர் ஆகியிருந்தார், பொருத்தமான கைதான். 1930-ல் அவர் அதை மேய்ன் மாநில நூலகத்துக்குக் கொடுத்தார். அன்றிலிருந்து அங்கேதான் இருந்தது, கேட்டவர்களுக்குக் காட்டினார்கள்.

உள்ளூர் வரலாறு எழுதியவர்களும் பார்த்திருக்கிறார்கள். ஹாலோவெல்லிலிருந்து ஒரு பகுதி பின்னாளில் பிரிந்து ஆகஸ்டா என்ற நகரமானது. 1870-ல் அந்த ஆகஸ்டா நகர வரலாறு எழுதியவர், சில விதிவிலக்குகள் தவிர இதில் பொது ஆர்வத்துக்குரியது எதுவும் இல்லை என்று தள்ளிவிட்டார். அதற்குப் பின்னால் வந்த ஒருவர் நிறையப் பகுதிகளை எடுத்துப் போட்டார், ஆனால் முறைகேடான பிறப்பு போன்ற ‘சங்கடமான’ விஷயங்களைக் கத்தரித்துவிட்டு, மிச்சத்தில் பலவும் அற்ப விஷயம் என்றும் சொல்லிவிட்டார். டைரி ஒளிந்திருக்கவில்லை. படித்தவர்களுக்குப் பொறுமை இல்லை, அவ்வளவுதான்.

அப்ப இவங்க புதுசா என்ன பண்ணினாங்க?

சலிப்பான வரிகளைத் தாண்டிப்போகாமல் அவற்றையே எண்ணினார். யார் யாருக்கு என்ன கொடுத்தார்கள், எந்தப் பெண் எந்த வீட்டில் எத்தனை மாதம் வேலை செய்தாள், எந்த வருடம் வீட்டுக்குத் தறி வந்தது, மகள்கள் கல்யாணமாகிப் போனபின் மார்த்தாவின் வேலைச்சுமை எப்படி ஏறியது என்று ஒவ்வொன்றாக. அதோடு அதே ஊர் ஆண்களின் நாட்குறிப்பு, நீதிமன்றப் பதிவு, வரிப் பட்டியல் எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துப் படித்தார்.

அப்படி வைத்துப் பார்த்தபோது ஆண்களின் பதிவேடுகளில் இல்லாத ஒரு பொருளாதாரமே எழுந்து வந்தது. ஆண்கள் மரமும் தானியமும் விற்ற கணக்கு அவர்கள் புத்தகங்களில் இருக்கிறது. பெண்கள் துணி நெய்து, வெண்ணெய் கொடுத்து, கோழி வாங்கி, பிரசவம் பார்த்து, ஒருவர் மகளை இன்னொருவர் வீட்டில் வேலைக்கு விட்டு நடத்திய கொடுக்கல் வாங்கல் மார்த்தாவிடம் மட்டும்தான் இருக்கிறது. இந்த டைரியை வைத்து உல்ரிக் எழுதி 1990-ல் வந்த புத்தகத்தில் ஒவ்வொரு அத்தியாயமும் டைரிப் பகுதியோடுதான் தொடங்கும். முதலில் நீங்கள் படியுங்கள், ஒன்றும் இல்லையே என்று நினையுங்கள், அப்புறம் நான் சொல்கிறேன் என்பது போல. இது எழுத்தாளரின் குறும்பு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

எண்ணுறதெல்லாம் வரலாறா? கணக்குப்பிள்ளை வேலை மாதிரி இருக்கே.

கணக்குப்பிள்ளை வேலையைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். 1785 முதல் 1797 வரை மார்த்தா பார்த்த தலைப்பிரசவங்கள் 106. அதில் 40 பெண்கள் கல்யாணத்துக்கு முன்பே கர்ப்பமானவர்கள், நூற்றுக்கு 38 பேர். கட்டுப்பெட்டியான பியூரிட்டன் சமுதாயம் என்று நாம் நினைத்துவைத்திருப்பது இந்த ஓர் எண்ணிலேயே ஆட்டம் கண்டுவிடுகிறது. பெரும்பாலானவர்களுக்குக் கல்யாணமும் நடந்துவிட்டது, ஊர் இடிந்துவிடவில்லை.

இன்னும் இருக்கிறது. கல்யாணமாகாத பெண் பிரசவ வலியில் இருக்கும்போது குழந்தையின் தகப்பன் யார் என்று மருத்துவச்சி கேட்க வேண்டும், அந்த வேதனையில் சொல்வது பொய்யாக இருக்காது என்பது அன்றைய நம்பிக்கை, அது சட்டப்படி சாட்சியாகும். 1791 அக்டோபரில் சாலி பியர்ஸ் என்ற பெண்ணிடம் மார்த்தா இதைக் கேட்கிறார். என் மகன் ஜோனதன்தான் தகப்பன் என்று சாலி சொன்னாள் என எழுதுகிறார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. நான்கு மாதம் கழித்து ஜோனதனுக்கும் சாலிக்கும் கல்யாணம் நடந்தது.

நீதிபதி மேலேயே பலாத்கார வழக்கு ஒண்ணு இருக்காமே?

ஆமாம். ஊர்ப் பாதிரியார் ஐசக் ஃபாஸ்டர், ஊராரோடு தகராறில் இருந்தவர். 1789-ல் அவர் ஊரில் இல்லாதபோது தன்னைப் பலாத்காரம் செய்ததாக அவர் மனைவி ரெபெக்கா சிலர்மீது குற்றம் சாட்டினார், அதில் ஒருவர் நீதிபதி ஜோசஃப் நார்த், ஊரின் பெரிய மனிதர். 1790 ஜூலையில் விசாரணை, நார்த் விடுதலை. நீதிமன்றப் பதிவில் எலும்புக்கூடுதான் இருக்கிறது.

மார்த்தாவின் டைரியில் சதை இருக்கிறது. ரெபெக்கா முன்பே தன்னிடம் பேசியதையும், இதை வேறு யாரிடமும் சொல்லாதே, சொன்னால் நீதான் அம்பலப்பட்டு நாசமாவாய் என்று தான் கெஞ்சியதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். அதே மார்த்தா பிறகு போய்ச் சாட்சியும் சொன்னார். உல்ரிக் இதில் மார்த்தாவை வீராங்கனையாக ஆக்கவும் இல்லை, கோழை என்று திட்டவும் இல்லை. பழைய ஊர் வரலாறுகளில் இந்த வழக்கு எங்கே போயிருக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, கத்தரிக்கோலைப் பற்றி மேலே சொன்னதைப் பாருங்கள்.

டைரியில இல்லாததைக் கொஞ்சம் கற்பனை பண்ணித்தானே எழுதியிருப்பாங்க?

நியாயமான சந்தேகம். மகன் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மார்த்தா அழுதாரா, கோபப்பட்டாரா? நாவலாசிரியர் என்றால் அரைப் பக்கம் எழுதியிருப்பார். உல்ரிக் அதைச் செய்யவில்லை. அதற்குப் பதிலாக அந்த ஊரில் இப்படி எத்தனை கல்யாணம் நடந்தது, சட்டம் என்ன, வழக்கம் என்ன, கல்யாணமாகி எத்தனை வாரம் கழித்து மருமகள் தனிக்குடித்தனம் போனாள் என்று சுற்றிலும் விளக்கு ஏற்றி வைக்கிறார். நடுவில் இருக்கும் இருட்டை இருட்டாகவே விடுகிறார். எனக்குச் சில இடங்களில் இது போதவில்லை, இன்னும் கொஞ்சம் ஊகித்திருக்கலாமே என்று தோன்றியது உண்டு.

அஞ்சு பிள்ளைங்களாமே. எப்படிப் படிச்சாங்க?

மெதுவாக. 1960-ல் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் இளங்கலை. 1971-ல் பாஸ்டனில் சிமன்ஸ் கல்லூரியில் முதுகலை. 1980-ல், 42 வயதை ஒட்டி, நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தில் வரலாற்று முனைவர் பட்டம். கணவர் அங்கே பொறியியல் பேராசிரியர், அதனால் அந்த ஊர், அந்தப் பல்கலைக்கழகம். பெரிய பெயர் உள்ள இடமாகத் தேடிப் போக முடியாத நிலைமை. 1982-ல் முதல் ஆய்வுநூல். அடுத்த எட்டு வருடம் மார்த்தாவோடு.

இதைச் சொன்னால் சிலர், குறிப்பாகப் பிள்ளை பெற்றபின் படிப்பை விட்டவர்கள், அடுத்த கேள்வியே கேட்காமல் கொஞ்ச நேரம் சும்மா இருப்பார்கள். ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்வேன், பிள்ளை பெற்று, வீட்டுவேலை செய்து, நேரம் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும் என்று தெரிந்த ஒருவரால்தான் ‘துணி துவைத்தோம்’ என்ற வரியின் எடையைக் கண்டுகொள்ள முடிந்தது என்பது என் எண்ணம். நிரூபிக்கச் சொல்லாதீர்கள்.

மார்த்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியும், வெள்ளைக்காரி, குடும்பத்துக்கு மில்லு வேற. இவங்க எப்படி விளிம்புநிலை?

கேட்டதிலேயே நல்ல கேள்வி இது. ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஊர் அளவில் மார்த்தா மரியாதையானவர், விளிம்பில் இருந்தது வரலாற்று நூல்களில். இரண்டும் ஒன்றல்ல. அவருடைய டைரிக்குள்ளேயே அவரைவிட ஓரத்தில் இருப்பவர்கள் வந்துபோகிறார்கள். ஓரிடத்தில் ஒரு கறுப்பினப் பெண் வைத்தியரைப் பற்றிய குறிப்பு வருகிறது. பெயர் இல்லை. அவரும் டைரி எழுதியிருந்தால் என்று நினைக்காமல் அந்த வரியைத் தாண்ட முடியவில்லை.

உல்ரிக் இதை உணர்ந்தவர்தான். 2001-ல் வந்த நூலில் எழுத்தை விட்டுவிட்டுப் பொருட்களைக் கையில் எடுத்தார். நூற்பு ராட்டை, அலமாரி, முடிக்காமல் விட்ட காலுறை, இப்படி. அதில் ஒன்று, ரோட் ஐலண்டில் பாதுகாக்கப்பட்ட சின்னக் கூடை. குடியேறிகளுக்கும் பூர்வகுடிகளுக்கும் நடந்த 1670-களின் போர் நாட்களில் ஒரு பூர்வகுடிப் பெண், குடியேறிகள் பாதுகாப்புக்குத் தங்கிய காவல் வீட்டுக்கு வந்தாள், வீட்டுக்காரி குடிக்கப் பால் கொடுத்தாள், அவள் வெளியே போய் மரப்பட்டையை உரித்து, தன் போர்வையிலிருந்து நூலை உருவி, இரண்டையும் கலந்து கூடை பின்னிக் கொண்டுவந்து கொடுத்தாள் என்று அதோடு வந்த சீட்டு சொல்கிறது. சீட்டு வெள்ளைக்காரக் குடும்பம் பின்னாளில் எழுதியது. இனிப்பான கதை. போர்வையைப் பிரிக்கும் நிலைக்கு அவள் ஏன் வந்தாள் என்று சீட்டு சொல்லாது, கூடையின் நூலைப் பார்த்துத்தான் கேட்க வேண்டும்.

எழுதவே தெரியாதவங்க, அடிமையா இருந்தவங்க வாழ்க்கையை எதை வச்சு எழுதுவாங்க?

பல நேரம் அவர்களைப் பிடிக்க நினைத்தவர்கள் எழுதியதை வைத்து. 1796 மே மாதம் ஓனா ஜட்ஜ் என்ற இளம்பெண் பிலடெல்ஃபியாவில் ஜார்ஜ் வாஷிங்டனின் வீட்டிலிருந்து தப்பினார். வாஷிங்டன் அப்போது ஜனாதிபதி. வீட்டு நிர்வாகி பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார், பத்து டாலர் வெகுமதி. முகத்தில் நிறையப் புள்ளிகள், கறுத்த கண்கள், அடர்ந்த முடி, எல்லா வகையிலும் நல்ல துணிமணிகள் இருக்கின்றன என்று அங்க அடையாளம் சொல்லிவிட்டு, போவாள் என்ற சந்தேகமும் இல்லை, போக ஒரு காரணமும் இல்லை என்று எழுதினார்கள். காரணமே இல்லையாம்! அந்த ஒரு வரியில் அந்த வீட்டின் மனநிலை முழுவதும் இருக்கிறது.

ஓனா கப்பலேறி நியூ ஹாம்ப்ஷயரின் போர்ட்ஸ்மத்துக்குப் போய்விட்டார். வாஷிங்டன் ஆள் விட்டும் திரும்பவில்லை. 1840-களில், வயதான காலத்தில், அடிமைமுறை எதிர்ப்புப் பத்திரிகைகளுக்குப் பேட்டி கொடுத்தார். இவ்வளவு கஷ்டப்படுகிறீர்களே, வந்தது தப்பு என்று தோன்றவில்லையா என்று கேட்டதற்கு, இல்லை, நான் சுதந்திரமானவள் என்றார்.

அவங்க சொன்னா மட்டும் வரலாற்றாசிரியர்கள் நம்பினாங்களா?

ரொம்ப நாள் நம்பவில்லை. தாமஸ் ஜெஃபர்சனின் வீட்டில் அடிமையாகப் பிறந்த மேடிசன் ஹெமிங்ஸ், ஜெஃபர்சன்தான் என் தகப்பன் என்று 1873-ல் ஓஹையோ பத்திரிகை ஒன்றில் வெளிப்படையாகச் சொன்னார். நூறு வருடத்துக்கு மேல் பெரும்பாலான அறிஞர்கள் அதை ஓரம் தள்ளினார்கள், ஜெஃபர்சனின் வெள்ளைக்காரப் பேரப்பிள்ளைகள் மறுத்ததை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

அனெட் கார்டன்-ரீட் சட்டம் படித்த வரலாற்றாசிரியர். 1997-ல் அவர் செய்தது, இரண்டு தரப்புச் சாட்சியத்தையும் ஒரே தராசில் வைத்தது. ஒரு தரப்புக்கு ஒரு விதி, இன்னொரு தரப்புக்கு வேறு விதி என்று நிறுத்திருக்கிறீர்களே என்று காட்டினார். அடுத்த வருடமே, மேடிசனின் தம்பி எஸ்டனின் வழிவந்தவரின் டிஎன்ஏ, ஜெஃபர்சன் ஆண்வழியோடு பொருந்தியது. 2009-ல் கார்டன்-ரீடுக்கு வரலாற்றுக்கான புலிட்சர், அந்தப் பிரிவில் அதைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர். டிஎன்ஏ வந்ததால் அவர் சரி என்று ஆகவில்லை, அதற்கு முன்பே அவர் வாதம் சரியாகத்தான் இருந்தது. இதை நான் அழுத்திச் சொல்வேன்.

உல்ரிக் பக்தியான மோர்மன், அதே சமயம் பெண்ணியவாதி. ரெண்டும் எப்படி ஒத்துப்போகும்?

மோர்மன் என்பது அமெரிக்காவில் தோன்றி யூட்டாவில் வேரூன்றிய ஒரு கிறிஸ்தவப் பிரிவு. அவருக்கு ஒத்துப்போனது. 1974-ல் மோர்மன் பெண்களுக்கான ஒரு பத்திரிகையைத் தோழிகளோடு சேர்ந்து தொடங்கியவர். 2017-ல் வந்த நூல் மோர்மன் பலதார மணத்தைப் பற்றியது, அதில் வாழ்ந்த பெண்களின் நாட்குறிப்புகளை வைத்தே எழுதியது. 1870-லேயே யூட்டாவில் பெண்களுக்கு ஓட்டுரிமை வந்துவிட்டது, அந்தப் பெண்களே திரண்டு வந்து தங்கள் திருமண முறையை ஆதரித்துக் கூட்டமும் போட்டார்கள். நமக்கு இது குழப்பமாக இருக்கலாம். அந்தக் குழப்பத்தை அவர் சுத்தப்படுத்தித் தரவில்லை.

இந்த டைரியை நான் பார்க்க முடியுமா? அமெரிக்கா போகணுமா?

வேண்டாம். டூஹிஸ்டரி என்ற இணையதளத்தில் கையெழுத்துப் பக்கங்கள் முழுவதும் இலவசமாக இருக்கின்றன. ஒரு கண்ணாடிச் சட்டத்தைக் கையெழுத்தின் மேல் நகர்த்தினால் அதே வரி அச்செழுத்தில் தெரியும் வசதியும் சில பக்கங்களுக்குச் செய்திருந்தார்கள். முதல் நாள் எதுவும் புரியாது. எடுத்த எடுப்பிலேயே அக்டோபர் 1791-க்குப் போய் சாலியின் வரியைத் தேடுங்கள், அப்புறம் முன்னும் பின்னும் படியுங்கள்.

மார்த்தா செத்தப்போ ஊர்ல பெரிசா பேசியிருப்பாங்களே?

கடைசிப் பிரசவத்தை 1812 ஏப்ரலில் பார்த்தார், அடுத்த மாதம் டைரி நின்றது. உள்ளூர்ப் பத்திரிகையில் ஒரே ஒரு வரி வந்தது. ஆகஸ்டாவில், எஃப்ராயீம் பாலர்டின் மனைவி மார்த்தா, 77 வயது, காலமானார். மருத்துவச்சி என்ற சொல் அதில் இல்லை.